மடைக்கல் மேல் நின்று குதிரை சொன்னவன்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அக்கரைக்குக் கேட்கிற குரலை வைத்துக்கொண்டு ஒருத்தன் எப்படியய்யா பயந்தாங்கொள்ளியாக இருக்க முடியும் என்று கேட்பீர்கள். இருக்கலாம், தாராளமாக இருக்கலாம். தெருவில் நாய் குரைத்தால் நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் கலங்கி வந்தாலும் அன்றைக்கு எனக்குக் கிணற்றடியில்தான் குளியல். ஆனால் வாயைத் திறந்தால் மட்டும் களத்தில் மேய்கிற காக்கையெல்லாம் எழும்பிப் பறக்கும்.

அந்தக் குரலுக்குத்தான் சோறு கிடைத்தது. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே களங்களில் நெல் அளக்கும்போது கணக்குக் கூவுகிற வேலை எனக்கு. முதல் மரக்கால் விழும்போது ஒன்று என்று சொல்வது வழக்கமில்லை. "லாபம்" என்று தொடங்கி, அப்புறம் ரெண்டு, மூணு என்று இழுத்துப் பாடவேண்டும். அப்படி ஒரு நாள் பாடிக்கொண்டிருந்தபோது, அந்தக் களத்துக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார் பல்லக்கை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏலே, இந்தத் தொண்டைய நெல்லுக்குப் போட்டு ஏன் பாழாக்குத? எங்கிட்ட குதிரை சொல்ல வாரியா?" என்றார். வரமாட்டேன் என்று சொல்ல எனக்குப் பயம். போனேன்.

சின்ன ஜமீன்தான். மலையடியில் நாலைந்து ஊர், ஒரு பெரிய குளம், மழைக்கு ஒழுகுகிற ஒரு அரண்மனை. சித்திரையில் குளம் வற்றித் தரை வெடித்துக் கிடக்கும்போது எசமான் அதற்குள்ளே குதிரைப் பந்தயம் வைப்பார். சுற்றுப்பட்டு ஜமீன்களிலிருந்தெல்லாம் குதிரை வரும். கரை நெடுக சனம் உட்கார்ந்திருக்கும். குதிரைகள் மடையடியில் புறப்பட்டு, அக்கரையில் நட்டிருக்கிற பனங்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பவேண்டும். அப்படி இரண்டு சுற்று. அக்கரைப் பக்கம் போய்விட்டால் புழுதிதான் தெரியுமே தவிர எது எந்தக் குதிரை என்று கரையில் இருப்பவனுக்குத் தெரியாது. அதனால் மடையின் உயரமான கல்தூண் மேல் ஒரு பலகையைக் கட்டி, அதில் ஒருத்தன் ஏறி நின்று, எது முன்னே எது பின்னே என்று கூவிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்குத்தான் குதிரை சொல்லுதல் என்று பேர். இப்போது பட்டணத்தில் ரேடியோப் பெட்டிக்குள்ளிருந்து ஒருத்தர் குதிரை சொல்லுகிறாராம். தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லுகிறாராம். கொடுத்துவைத்த மனுஷன்.

முதல் வருஷம் மேலே ஏறினபோது கீழே பார்த்தால் தலை சுற்றியது. குதிரைகள் புறப்பட்டதும் பதற்றத்தில் களத்துப் பழக்கம் வாயில் வந்து, முன்னால் போன வெள்ளையைப் பார்த்து "லாபம்!" என்று கூவிவிட்டேன். கரை முழுக்க ஒரே சிரிப்பு. எசமானும் விழுந்து விழுந்து சிரித்தார். அதிலிருந்து எங்கள் குளத்தில் முந்துகிற குதிரைக்கு லாபம் என்றே பேராகிவிட்டது. சிரித்துவிட்டுப் போகட்டும், சிரிக்கிற சனம் அடிக்காது என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடியது. ஒரு பந்தயத்தின் நடுவில் எனக்குத் தொண்டை காய்ந்துபோயிற்று. குதிரைகள் அக்கரைக் கம்பத்துக்குப் போயிருந்தன. செம்பை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தேன். குடிக்கிறபோது எசமான் உட்கார்ந்திருந்த பந்தலைத் தற்செயலாகப் பார்த்தேன். குதிரைகள் கம்பத்தைத் தாண்டி வடகரையோரம் பாதித் தூரம் வந்தாயிற்று. சனத்தின் தலையெல்லாம் அவற்றோடு சேர்ந்து திரும்புகிறது. எசமான் தலை மட்டும் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முகத்தில் ரசிக்கிற சிரிப்பு வேறு. நான் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டு, "செவலை வடகரையோரம் வருது!" என்று கூவினேன். அவர் தலை சடக்கென்று வடகரைப் பக்கம் திரும்பிற்று.

பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. மிச்சப் பந்தயத்தை எப்படிச் சொன்னேனோ, எனக்கே நினைவில்லை.

அன்று சாயங்காலமே அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. எசமான் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நடுவுல ஏம்லே நிறுத்துன?"

"தண்ணி குடிச்சேன் எசமான்."

"இனிமே குடிக்காத."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நீட்டினார். நானே நகர்ந்து போய் என் கையைக் கொடுத்தேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வெளிச்சம் தெரியுது. ஆளு நெழலாட்டம் தெரியுது. அதுவும் போய்க்கிட்டே இருக்கு. கோயிலுக்குப் போறேன்னு சொல்லி ரெண்டு ஊரு டாக்டர்ட்ட காட்டியாச்சு, நரம்பு வத்திப்போச்சாம். ஒனக்கும் எனக்கும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. எம்மவனுக்கும் தெரியாது. தெரியவும்கூடாது."

ஏன் கூடாது என்று அவர் சொல்லவேண்டியதில்லை. எசமானி தவறிப்போயிருந்தார். இருந்த ஒரே மகனும் வயசு வராத சின்னப் பிள்ளை. எசமானுக்குக் கண் இல்லை என்று வெளியே தெரிந்தால், நடத்தத் தகுதியில்லாதவர் என்று சொல்லி ஜமீனை சர்க்கார் எடுத்துக்கொள்ளும். அதற்கென்றே எசமானின் சித்தப்பா மகன் ஒருத்தர் இருந்தார். பங்காளி என்றால் எங்களுக்கு அவர்தான். மேற்பார்வைக்குத் தன்னைப் போடுங்கள் என்று துரைமார் பங்களா வாசலில் பழியாகக் கிடந்தவர், பேதியில் போவான். நெல் களத்தில் கிடந்த என்னை எசமான் ஏன் தூக்கிவந்தார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்று பிடித்த பயம். பந்தய நாள் மட்டுமா? எல்லா நாளும் நான் குதிரை சொல்லவேண்டியதாயிற்று. எசமானுக்கு முன்னால் நடந்துகொண்டே பேசுவேன். "அன்னா, கணக்குப்பிள்ளை அண்ணாச்சி நம்மளப் பாத்துட்டு வேகமா வாராவ" என்பேன். உடனே எசமான் கை தூக்கி, "வாரும் வே" என்பார். "படியில எவம்லே தண்ணிய ஊத்துனது, கூறுகெட்ட மூதி?" என்று யாருமில்லாத இடத்தைப் பார்த்துத் திட்டுவேன். எசமான் பையக் கால் வைப்பார். ஊரில் எனக்கு வாயாடி என்று பேர் வந்துவிட்டது. "வீட்டுல வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி இருக்கீரு, அரண்மனையில மட்டும் அப்படி என்னத்தப் பேசுதீரு?" என்று என் பெண்டாட்டி கேட்பாள். அவளிடம் சொல்ல முடியுமா? தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று பயந்து அவளைத் தள்ளிப் படுக்கச் சொன்னேன். அதற்கு ஒரு வாரம் சண்டை.

இப்படியே வருஷங்கள் போயின. வெளிச்சமும் நிழலும்கூட எசமானுக்கு இல்லாமல் போயிற்று. அப்புறம் ஒரு சித்திரையில், ஜில்லாத் துரை பந்தயம் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. வரவழைத்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

முந்தின நாள் நான் பலகை கட்டிக்கொண்டிருந்தபோது பங்காளி மடையடிக்கு வந்தார்.

"ஏலே, நாளைக்கு ஒன் பாட்டு வேண்டாம்."

"ஏன் சின்னையா?"

"தொரைக்கு இரைச்சல் ஆகாது. அவரு பந்தயத்தக் கண்ணால பாப்பாரு. ஒங்க எசமானும் கண்ணால பாக்கட்டும்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். என் முகம் என்ன செய்ததோ எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். "நீ நிக்கத மட்டும் நில்லு. வாயத் தொறந்தேன்னா ஏணி வழியா எறங்கமாட்ட" என்றார். நான் மடைக்கல்லின் உயரத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

அரண்மனைக்கு ஓடினேன். உடம்புக்கு ஆகவில்லை என்று படுத்துவிடுங்கள் எசமான் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"படுத்தா தொரை டாக்டரை அனுப்புவாரு. டாக்டரு கண்ணு ரெப்பையத்தான் முதல்ல தூக்கிப் பாப்பாரு. போ. சனம் இருக்குல்லா? ஒருதரம் கத்துனா முதல் சுத்து முடிஞ்சுது. ரெண்டாந்தரம் கத்துனா செயிச்சாச்சு. எந்திரிச்சு அங்கவஸ்திரத்த வீசணும், அவ்வளவுதான? நீ மேல நில்லு. நீ அங்கன நிக்கேன்னு தெரிஞ்சாப் போதும்."

எங்கள் குளத்தில் வழக்கம் அது. எசமான் எழுந்து துணி வீசினால்தான் செயித்த குதிரை செயித்ததாகக் கணக்கு. இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்த வருஷம் எசமானின் செவலையில் ஏறுவதாக இருந்தது மகன், எங்கள் சின்ன எசமான். நான்தான் ஏறுவேன் என்று அப்பாவிடம் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். துரை முன்னால் ஏறட்டுமே என்று பங்காளி எண்ணெய் ஊற்றியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல எசமானுக்குக் காரணம் அகப்படவில்லை.

மறுநாள் நான் மேலே ஏறி நின்றேன். மூன்று குதிரை. வெள்ளை, கருப்பு, நம்ம செவலை. கொடி விழுந்தது, குதிரைகள் புறப்பட்டன, என் வாய் மூடியிருந்தது. கரையில் இருந்த சனம் பூராவும் என்னை நிமிர்ந்து பார்த்தது. ஏன் சொல்லமாட்டேங்கான், தொண்டை கட்டிப்போச்சா என்று ஒருத்தருக்கொருத்தர் கேட்பது எனக்கே கேட்டது. நான் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு பந்தலைப் பார்த்தேன்.

எசமான் துரைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குளம்புச் சத்தம் போகிற போக்கிலேயே தலையைத் திருப்பினார். தேவலையே என்று எனக்கு ஒரு மூச்சு வந்தது. அடுத்த நிமிஷம் துரை தன் தூரக்கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார். எசமானுக்கு அது தெரியவில்லை. நீட்டின கை நீட்டினபடி இருக்கிறது. ஐயோ, செத்தோம் என்று நினைத்தேன். துரை அதை அவர் கைமேல் தொட்டுக் கொடுத்தார். எசமான் வாங்கிக் கண்ணில் வைத்து, சத்தம் போகிற பக்கம் நிதானமாகத் திருப்பினார். எனக்கு முதுகெல்லாம் வேர்த்து ஒழுகியது. பங்காளி ஒரு குதிரையைக்கூடப் பார்க்கவில்லை. எசமானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சுற்று முடிந்தது, சனம் கத்தியது, எசமான் தலையாட்டினார். இரண்டாம் சுற்றில் சின்ன எசமான் செவலையை விட்டார் பாருங்கள், அடேயப்பா! மற்ற இரண்டும் கம்பத்தைச் சுற்றுவதற்குள் செவலை பாதிக் குளம் தாண்டிவிட்டது. எனக்கு "லாபம், லாபம்" என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பந்தலுக்கு நேர் எதிரே வந்தாயிற்று, இன்னும் கொஞ்ச தூரம்தான். அந்த இடத்தில் தரை பெரிய வெடிப்பாக வெடித்திருந்தது. செவலையின் முன்னங்கால் அதற்குள் போயிற்று.

குதிரை தலைகுப்புறப் போய் விழுந்தது. சின்ன எசமான் அதற்குக் கீழே.

சனம் மொத்தமும் ஓ என்று கத்திற்று.

எசமான் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அங்கவஸ்திரத்தை எடுத்துத் தலைக்கு மேலே வீசினார், ஒருதரம், இன்னொருதரம். கத்தின சனம் அப்படியே வாயடைத்துப்போயிற்று. பெற்ற மகன் குதிரைக்கு அடியில் கிடக்கிறான், தகப்பன் சிரித்துக்கொண்டு துணி வீசுகிறான். துரை எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்க்கிறார். பங்காளிக்குப் பல் தெரிகிறது. சத்தம் ஏன் நின்றது என்று எசமானுக்குப் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிசாக வீசினார்.

என்னால் தாங்க முடியவில்லை. போகிற உயிர் போகட்டும் என்று இருந்தது.

"எசமான்! சின்ன எசமான் விழுந்துட்டாவ! குதிரை மேல கெடக்கு!"

துணி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. அப்புறம் அவர் பந்தலைவிட்டு இறங்கினார். இறங்கினார் என்றா சொன்னேன்? கரைச்சரிவில் உருண்டார். குளத்துத் தரையில் விழுந்து, எழுந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார். ஒருத்தரும் அவரைப் பிடிக்கவில்லை. எல்லோரும் திகைத்துப்போய் நின்றார்கள்.

"எங்க கெடக்கான்? எங்கலே கெடக்கான்?"

"நேரே எசமான்! நேரே!"

சொல்லி முடிக்குமுன் எனக்கு வலப்பக்கம் குளம்புச் சத்தம் கேட்டது. வெள்ளையும் கருப்பும் வருகின்றன. புழுதிக்குள்ளிருந்து நாலுகால் பாய்ச்சலில் வருகின்றன. ஏறியிருந்தவர்கள் கடிவாளத்தை இழுக்கிறார்கள், குதிரைகள் கேட்கவில்லை. எசமான் அவற்றுக்கு நேர் குறுக்கே ஓடுகிறார். மகன் முனகுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஓடுகிறார். எசமான் என்று தொடங்கி, மரியாதை சொல்லி, நில்லுங்க என்று முடிக்க அங்கே ஏது நேரம்?

"நில்லுலே!"

நின்றார். எடுத்த காலை வைக்காமல் நின்றார். வெள்ளை அவர் நெஞ்சுக்கு முன்னால் ஒரு கை அகலத்தில் போயிற்று. கருப்பு முதுகுக்குப் பின்னால் போயிற்று. தலைப்பாகை எங்கேயோ பறந்தது. புழுதி அவரை மூடிவிட்டது. நான் மேலே பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன்.

புழுதி அடங்கினபோது அவர் அதே இடத்தில், அதே ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். குளம் அவ்வளவு பெரிய குளம், அவ்வளவு சனம், ஒரு சத்தம் இல்லை. அவர் தலையை என் பக்கம் திருப்பாமல் கேட்டார்.

"இப்பம் போலாமா?"

"போங்க எசமான். நேரே போங்க. இடது கைப் பக்கம் ஒரு எட்டு. முன்னால வெடிப்பு இருக்கு, பெரிசாத் தாண்டுங்க. பைய. இன்னும் ரெண்டு எட்டு. குனியுங்க. கையை நீட்டுங்க. அதுதான் தலை."

துரையும் சனமும் பங்காளியும் எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அப்படி மறைத்து மறைத்துக் காத்த ஒன்றை என் வாயாலேயே, ஒவ்வொரு எட்டாக, ஊருக்கே சொல்லி முடித்தேன்.

அந்த ஜமீன் அந்த வருஷமே சர்க்கார் கைக்குப் போயிற்று. பங்காளிக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? மேற்பார்வைக்கு வெளியூர் அதிகாரி ஒருத்தர் வந்தார், பங்காளி பழையபடி வாசலில் கிடந்தார். ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு எனக்கு ஜமீனைப் பற்றியா கவலை? எங்கள் பக்கத்தில் லே என்பது கூட்டாளியைச் சொல்கிற சொல், வேலைக்காரனைச் சொல்கிற சொல். அதை எசமானைப் பார்த்து, துரை கேட்க, ஊர் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பாதி தப்புக்கே அரண்மனைப் புளியமரத்தில் கட்டி உரித்திருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் நெல்லுக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "எசமானப் போயி லேன்னு சொன்னீராமே, பாவி மனுசா, எங்களையும் சேத்துல்லா புளியமரத்துல கட்டுவாக" என்று என் பெண்டாட்டி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலையில் ஆள் வந்தது. புளியமரத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

சின்ன எசமான் கட்டிலில் கிடந்தார். காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. வைத்தியர் கொடுத்த மருந்தில் நல்ல தூக்கம். பக்கத்தில் எசமான் உட்கார்ந்திருந்தார். நான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"வாய் தவறிட்டு எசமான். குதிரை வந்துட்டு, அதான்..."

"எந்திரிலே. கிட்ட வா."

எழுந்து போனேன். அடி எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்று தெரியாமல் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றேன்.

"இனிமே ஒளிக்கதுக்கு ஒண்ணுமில்ல. இவன் மொகத்தச் சொல்லு."

"நல்லா இருக்காவ எசமான். நெத்தியில மட்டும் லேசா ஒரு..."

"காயத்தக் கேக்கலலே. மொகத்தக் கேக்கேன். இவன் மொகத்த நான் பாத்து எத்தன காலமாச்சு, தெரியுமா? நான் கடைசியாப் பாத்தப்பம் சின்னப் பய, முன்பல்லு விழுந்து கெடந்துது. தடவிப் பாக்கலாம்னா, ஏம்பா தடவுதேன்னு கேட்டுருவானோன்னு பயம். எனக்கு எல்லாம் பயம்தாம்லே. சொல்லு."

குனிந்து சின்ன எசமான் முகத்தைப் பார்த்தேன். எங்கேயிருந்து தொடங்குவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மீசை அரும்பியிருக்கு எசமான்" என்றேன்.

"யாருக்கு?" என்றார்.